குடிமராமத்து: பங்கேற்பா, பங்களிப்பா? தமிழகத்தின் நீர்வடிப்பகுதி, நிலப்பயன்பாட்டுத் திட்டமிடல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஏரி, குளம், கண்மாய்ப் பராமரிப்பு குறித்த அண்மைக்கால எழுத்துகளில் 'குடிமராமத்து' என்னும் சொல் மக்கள் பங்கேற்பின் தொன்மைச் சான்றாக எடுத்தாளப்படுகிறது. அச்சொல்லின் அமைப்பையும், உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், 2017ஆம் ஆண்டின் குடிமராமத்துத் திட்டம் ஆகியவற்றில் 'குடி' பெற்ற இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. உழைப்பைக் கொடுப்பதும் முடிவில் இடம் பெறுவதும் வேறு வேறானவை. ஏரியின் வாழ்வைத் தீர்மானிக்கும் நிலப்பயன்பாட்டு முடிவுகள் ஏரிச் சங்கங்களுக்கு எட்டாத இடத்தில் எடுக்கப்படுகின்றன என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: குடிமராமத்து, ஏரி வாரியம், ஆயக்கட்டு, நீர்வடிப்பகுதி, நிலப்பயன்பாடு, கிராம சபை

முன்னுரை

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்பது நீர்வள எழுத்துகளில் வழக்கமாகக் காணப்படும் கணக்கு. அவற்றின் சீரழிவைப் பேசும் எழுத்துகளில் பெரும்பாலானவை ஒரே கதையமைப்பைக் கொண்டுள்ளன. முற்காலத்தில் ஊர் மக்கள் ஒன்றுகூடித் தம் ஏரியைத் தாமே பராமரித்தனர். அதன் பெயர் குடிமராமத்து. ஆங்கிலேயர் ஆட்சி அதனை அழித்தது. மக்கள் பங்கேற்பின் வழியாக அதனை மீட்க வேண்டும். இக்கதை மேடைப் பேச்சிலும் பாடநூலிலும் அரசின் திட்ட அறிவிப்பிலும் ஒரே வடிவில் வருகிறது. ஆட்சியாளரும் ஆட்சியை எதிர்ப்பவரும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளும் கதை என்பதே அதனை ஐயுற்று நோக்கப் போதுமான காரணம்.

இக்கதை முழுவதும் பொய் என்பதற்கில்லை. கூட்டுழைப்பு இருந்தது, அது ஏரிகளைக் காத்தது. ஆனால் உழைத்தவர் யார், எந்த வேலையை எங்கே செய்ய வேண்டும் என்று முடிவு செய்தவர் யார் என்னும் இரு வினாக்களையும் இக்கதை ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. அவ்வாறு குழைப்பதன் பயன் இன்றும் யாருக்கோ போய்ச் சேர்கிறது.

சொல்லின் வயது

'குடிமராமத்து' ஒரு கலப்புச் சொல். 'குடி' தமிழ். 'மராமத்து' அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. பழுதுபார்த்தல் என்பது அதன் பொருள். பொதுப்பணித் துறை நெடுங்காலம் 'மராமத்து இலாகா' என்றே அழைக்கப்பட்டது. ஆகவே இச்சொல் சோழர் காலத்தது ஆகாது. இத்தகைய கடன்சொற்கள் வருவாய் ஆட்சி மொழியில் நிலைபெற்ற பிற்காலத்திலேயே இச்சொல் உருவாகியிருக்க முடியும். சோழர் காலத்து வழக்காறுகள் ஏரி வாரியம், ஏரி ஆயம், ஏரிப்பட்டி போன்றவை. அவை குறிக்கும் ஏற்பாடுகளும் வேறானவை. ஏரிப்பட்டி என்பது ஏரிப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம். அதன் விளைச்சல் அச்செலவுக்குப் போனது. அங்கே பராமரிப்பு ஒரு பொருளாதார ஏற்பாடாக இருந்தது, வெறும் மனமுவந்த உழைப்பாக இருக்கவில்லை.

'குடி' என்னும் முன்னொட்டும் நுட்பமாக நோக்கத்தக்கது. மேல்வாரம், குடிவாரம் என்னும் இணையில் 'குடி' என்பது உழுபவனின் பங்கைச் சுட்டுவது போலவே, சர்க்கார் மராமத்து, குடிமராமத்து என்னும் இணையிலும் அது ஒரு பிரிவினையைச் சுட்டுகிறது. கலிங்கு, மதகு, கரையின் பெரும் உடைப்பு ஆகியவை அரசின் பொறுப்பு. வாய்க்காலில் படிந்த மண்ணை அள்ளுதல், கரையில் மண்டும் புதரை வெட்டுதல், மழையரிப்பில் விழும் சிறு பள்ளங்களை மூடுதல், வெள்ளக் காலத்தில் இரவு பகலாகக் கரையைக் காவல் காத்தல் ஆகியவை குடிகளின் பொறுப்பு. அரசுக்கும் குடிக்கும் இடையே வேலை பங்கிடப்பட்டதன் பெயர் குடிமராமத்து. முடிவெடுக்கும் உரிமை பங்கிடப்பட்டதற்கான சான்று இச்சொல்லில் இல்லை.

அதற்கும் முந்தைய சான்றாக எடுத்துக்காட்டப்படும் புறநானூற்றின் 18ஆம் பாடலும் இவ்விடத்தில் உதவாது. குடபுலவியனார் அதில் நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்துகிறார். நிலவமைப்புக்கும் நீர்த்தேக்கத்துக்கும் உள்ள உறவை இத்துணைத் தெளிவாகச் சொன்ன பழம்பாடல் அரிது. எனினும் அறிவுரை அரசனை நோக்கியது. எங்கே தேக்குவது என்னும் முடிவு அவனுடையது; புலவர் எடுத்துச் சொல்லும் இடத்தில் நிற்கிறார்.

வாரியத்தில் இருந்தவர் யார்?

பங்கேற்பின் தொன்மையை நிறுவ விரும்புவோர் தவறாமல் சென்று சேரும் இடம் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (பொ.ஆ. 919, 921) இரு கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியிழந்தனர். அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர முடியாது. பொறுப்புக்கூறல் என்று இன்று சொல்லப்படுவதன் கடுமையான வடிவம் இது. 1,100 ஆண்டுகளுக்குப் பின்னும் எந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்திலும் உறவினர் வரை நீளும் தகுதியிழப்பு விதி இருப்பதாகத் தெரியவில்லை.

இக்கல்வெட்டுகளைப் போற்றுவோர் பெரும்பாலும் வேகமாகக் கடந்துபோகும் பகுதி தகுதி விதிகள். கால் வேலிக்குக் குறையாத இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, மந்திர பிராமணம் ஓதுவிக்கும் அறிவு ஆகியவை வேண்டும். வயது வரம்பு முதற்கல்வெட்டில் 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. வேதமும் பாஷ்யமும் வல்லவருக்கு நிலத்தகுதி அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். சபை பிராமண நிலவுடைமையாளரின் சபை. அவ்வேரியின் மண்ணைச் சுமந்தவரும் மடையைத் திறந்தவரும் அச்சபையில் இல்லை. கால் வேலி நிலத்தையும் வேத அறிவையும் கேட்ட விதி அவர்களைத் தனியே பெயர் சொல்லி விலக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

இதன் மறுபக்கத்தை முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தை அளந்து சொல்லும்போது இறை கணக்கிலிருந்து கழிக்கப்பட்டவை வரிசையாகக் குறிக்கப்படுகின்றன: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. ஒரு நிலத்தை எவ்வகையில் வைப்பது என்பதே திட்டமிடலின் முதற்செயல் எனக் கொண்டால், இக்கல்வெட்டுகளைத் தமிழின் மிகப் பழைய நிலப்பயன்பாட்டு ஆவணங்களுள் சேர்க்கலாம். குளமும் சேரியும் ஒரே வரிசையில், 'இறை தராதவை' என்னும் ஒரே காரணத்தால், அடுத்தடுத்து நிற்கின்றன. பிற்காலத்தில் வருவாய்த் துறையின் 'புறம்போக்கு' என்னும் வகைப்பாடும் இதே அளவுகோலைக் கொண்டது. மேய்ச்சல் நிலம், ஏரியின் நீர்ப்பரப்பு, வரத்துக்கால், நிலமற்றவரின் குடிசை ஆகியவை எல்லாம் வரி தராத காரணத்தால் ஒரே பெயரைப் பெற்றன. அவ்வகைப்பாட்டை மாற்றும் அதிகாரமும் வகைப்படுத்தியவரிடமே தங்கியது.

நடைமுறையில் நீரைக் கையாண்டவர்கள் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன், கம்புகட்டி எனப் பகுதிக்கேற்பப் பெயர் பெற்றனர். இவர்களுள் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். எந்த மடையை எப்போது திறந்தால் எந்த வயல் கடைசியில் நனையும் என்னும் நுண்ணறிவு இவர்களிடமே இருந்தது. டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட 'நீரின் ஆட்சி' குறித்த நூல் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து, அவற்றின் பராமரிப்பு அரசியல் அதிகாரம், சாதிப் படிநிலை, கோயில் மரியாதை ஆகியவற்றோடு பின்னிக் கிடந்ததைக் காட்டுகிறது. தன்னாட்சியுடைய ஊர்ச் சமூகம் ஒன்று ஏரியைக் காத்தது என்னும் படிமம் பெருமளவுக்குப் பிற்கால ஆட்சியாளரின் படைப்பு என்பது அவருடைய முடிவு. இம்முடிவோடு முழுமையாக உடன்படத் தேவையில்லை. மோஸின் விளக்கத்தில் நீர்க்கட்டியின் அறிவு சில வேளைகளில் அவருடைய சாதித் தாழ்நிலையின் நிழலிலேயே மறைந்துபோகிறது. கொடுக்கப்பட்ட தாழ்ந்த இடத்திலிருந்தே அவர் செலுத்திய உண்மையான செல்வாக்கு தனி ஆய்வுக்குரியது. எனினும் பொற்காலக் கதையை ஐயமின்றித் திருப்பிச் சொல்லும் தமிழ் எழுத்துகள் இந்நூலின் வாதத்தை எதிர்கொண்டாக வேண்டும்.

வழக்கம் சட்டமானபோது

ஆங்கில ஆட்சி குடிமராமத்தை அழித்தது என்னும் கூற்றுக்கு நேர் எதிரான ஆவணம் 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம். சென்னை மாகாணத்தின் கட்டாய உழைப்புச் சட்டம் என்று அது அறியப்படுகிறது. வெள்ள அழிவைத் தடுக்கக் கட்டாய உழைப்பைச் சட்டபூர்வமாக்குவதும், பாசன வேலைகளில் வழக்கமாக உள்ள உழைப்பை நிறைவேற்றச் செய்வதும் அதன் நோக்கங்கள். வழக்கப்படி உழைப்புத் தரக் கடமைப்பட்டவர், ஆட்சியரின் ஆணைப்படி ஊர்த்தலைவர் அழைத்தும் தக்க காரணமின்றி வராவிட்டால், அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும்.

குடிமராமத்தைக் காக்க ஆட்சி முயன்றதன் சான்றாக இதனைச் சிலர் காட்டுவர். அவ்வாசிப்பில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இச்சட்டம் வழக்கத்தின் எந்தப் பாதியைக் காத்தது என்பதே வினா. ஊர்வழக்கில் உழைப்புக் கடமையோடு மீன் பாசி, கரை மரம், வண்டல், கோடையில் ஏரியுள் மேய்ச்சல், அறுவடையில் களத்துப் பங்கு எனப் பல உரிமைகளும் சேர்ந்திருந்தன. கடமைக்கு அபராதத்தோடு கூடிய சட்ட வடிவம் கிடைத்தது. உரிமைகளோ வருவாய்ப் பதிவேட்டின் தலைப்புகளுக்குள் சிதறின. குடிமராமத்து அழிந்தது என்பதைவிட, அது பாதியாகப் பிளக்கப்பட்டது என்பதே பொருத்தமாகும். உரிமை பிரிந்த பிறகு மிஞ்சிய கடமையைக் குடிகள் தட்டிக்கழித்ததில் வியப்பு இல்லை. அக்கால அதிகாரிகள் அதனைக் குடிகளின் அசட்டையாகக் கண்டனர். பிற்கால எழுத்தாளர்கள் ஊர் ஒற்றுமையின் சிதைவாகக் கண்டனர். இரண்டிலும் குடியே குற்றவாளி.

ஏற்பதும் அளிப்பதும்

தமிழில் 'பங்கு' என்னும் வேரிலிருந்து இரு சொற்கள் இன்று ஆட்சிமொழியில் வழங்குகின்றன. பங்கேற்பு என்பது பங்கைப் பெறுதல்; பங்களிப்பு என்பது பங்கைக் கொடுத்தல். திசை எதிரெதிரானது. திட்ட ஆவணங்களிலோ இவை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக எளிதில் வந்துவிடுகின்றன. பங்காளி, கரைப்பங்கு, பங்குவழி எனப் பழைய ஊர்வழக்கில் 'பங்கு' உரிமையையும் கடமையையும் சேர்த்தே குறித்தது என்பதை நினைத்தால், இக்குழப்பம் வெறும் சொல்வழு அன்று.

2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தைக் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கியது. முதற்கட்டத்தில் ரூ.100 கோடியில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. செலவில் 90 விழுக்காட்டை அரசும் 10 விழுக்காட்டை ஆயக்கட்டுதாரரும் ஏற்க வேண்டும். பின்னது உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ இருக்கலாம். வேலைகளை ஒப்பந்தக்காரரிடம் விடாமல் ஆயக்கட்டுதாரர் சங்கங்களே செய்யும் என்பது திட்டத்தின் சிறப்பாகச் சொல்லப்பட்டது. மண் அள்ளப்பட்டது, பல ஏரிகளில் நீர் நின்றது, உழவரும் மண்பாண்டத் தொழிலாளரும் வண்டல் எடுக்க வழி பிறந்தது. இப்பயன்களை மறுப்பதற்கில்லை. ஆயினும் 10 விழுக்காடு அளிப்பவர் எதனை ஏற்றார் என்று கேட்டால், திட்டம் தரும் விடை மெலிந்தது. எந்த ஏரி, எவ்வளவு ஆழம், கலிங்கின் உயரம் என்ன, வரத்துக்காலை எங்கிருந்து மீட்பது என்பன பொறியாளரின் மதிப்பீட்டில் முடிவாகி வந்தன. சங்கத்தின் கைக்கு வந்தது வேலையை நிறைவேற்றும் பொறுப்பு. 1858ஆம் ஆண்டின் அபராதம் இங்கே இல்லை என்பது பெரிய வேறுபாடு. குடி நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை.

நீர்வடிப்பகுதித் திட்டங்களின் வரலாறு இதனினும் நம்பிக்கை தருவது. அதனாலேயே அதன் சரிவு கூடுதலாக உறுத்துகிறது. அனுமந்த ராவ் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1994இல் வெளியாகி 1995 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், ஏறத்தாழ 500 எக்டேர் கொண்ட சிறு நீர்வடிப்பகுதியை அலகாகக் கொண்டு, திட்டத்தை ஊர் மட்டக் குழுவே வகுக்க வேண்டும் என்றன. பயனாளர் குழு, தன்னுதவிக் குழு என நிலமற்றோருக்கும் இடம் தேடப்பட்டது. ஊர்ப் பொதுவிடத்தில் கோலமாவால் மேட்டையும் ஓடையையும் வரைந்து, அதைச் சுற்றி நின்று விவாதிக்கும் முறை அக்காலத்தில் பரவியது. 2003இல் வந்த ஹரியாலி நெறிகள் பொறுப்பை ஊராட்சியிடம் மாற்றின. 2008இன் பொது வழிகாட்டு நெறிகள் அலகை 1,000 முதல் 5,000 எக்டேர் வரையிலான தொகுப்பாக உயர்த்தின. நீரியல் நோக்கில் இம்மாற்றம் சரியானது. ஓர் ஊரின் எல்லையில் ஓடை நிற்பதில்லை. ஆனால் தொகுப்பு பெரிதாகப் பெரிதாகக் கோலமாவு வரைபடம் கணினி வரைபடத்துக்கு வழிவிட்டது. வரைந்தவர் பார்வையாளரானார்.

இதற்கு மாறான முயற்சிகளும் உள்ளன. மதுரைப் பகுதியில் 1990களில் வேரூன்றிய தானம் அறக்கட்டளையின் வயலகச் சங்கங்கள் தனித்தனிக் கண்மாயோடு நில்லாமல், ஒன்றின் கழிவு நீர் அடுத்ததற்கு வரத்தாகும் சங்கிலித் தொடர் அளவில் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. மேல் கண்மாயும் கீழ்க் கண்மாயும் ஒரே இடத்தில் அமர்ந்து பேச முடியும் என்பதை அவை காட்டின. அரசின் சட்டங்கள் இப்பாடத்தை இன்னும் முழுமையாகக் கற்கவில்லை.

கரைக்கு வெளியே

ஏரி அழிவது பெரும்பாலும் ஏரிக்குள் நடக்கும் செயலால் அன்று. நீர்ப்பிடிப்பில் மனைப்பிரிவு எழுகிறது; வரத்துக்காலின் குறுக்கே சாலை வருகிறது; ஆயக்கட்டு தொழிற்பேட்டையாகிறது. இவை நிலப்பயன்பாட்டு முடிவுகள். குடிமராமத்துத் திட்டம் தொடங்கிய மணிமங்கலமே நல்ல சான்று. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு குறிக்கும் இவ்வூரின் ஏரி அடையாற்றின் தலைப்பகுதியில் உள்ளது. 2015 வெள்ளத்தில் மூழ்கிய வரதராஜபுரமும் முடிச்சூரும் அதற்குக் கீழே உள்ளவை. அப்பகுதி நீரின் போக்கை மாற்றியது ஏரியில் படிந்த மண் மட்டுமன்று, கால் நூற்றாண்டாக வயல்கள் மனைகளாக மாறிவந்ததும் ஆகும். ஏரியைத் தூர்வாரச் சங்கத்தை அழைத்த அரசு, ஏரியைச் சூழ்ந்த நிலத்தின் வகைப்பாட்டை மாற்றும்போது அச்சங்கத்தை அழைக்கக் கடமைப்பட்டதில்லை.

இக்கடமையின்மை சட்டங்களின் அமைப்பிலேயே உள்ளது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 முழுமைத் திட்டங்களுக்கு மக்கள் கருத்தைக் கேட்கிறது. 26ஆம் பிரிவின்படி திட்டம் குறித்த அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியாக வேண்டும். ஆட்சேபனைகளுக்கும் ஆலோசனைகளுக்கும் 2 மாதத்துக்குக் குறையாத காலம் தர வேண்டும். இது நல்ல விதி. ஆனால் அதற்கு முன்னுள்ள 24ஆம் பிரிவையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அறிவிப்பை வெளியிடவே அரசின் இசைவு முதலில் வேண்டும். ஆக, மக்கள் முன் வருவது அரசு ஒருமுறை பார்த்து இசைந்த வரைவு. அதனை மறுப்பவர் 'ஆட்சேபிப்பவர்' என்னும் பெயரோடே நுழைகிறார். வரைபவர் என்னும் இடம் அவருக்கு இல்லை. அதுவும் எழுத்தில், புல எண்ணோடு, தனித்தனியாக. ஏரி நீரை நம்பிய 200 குடும்பங்களின் கூட்டுக் கவலைக்கு அப்படிவத்தில் தனிக் கட்டம் இல்லை.

நீரும் நிலமும் பிரிந்து கிடப்பதற்கு அரசமைப்பு காரணம் அன்று என்பது இங்கே கவனிக்கத்தக்கது. 74ஆம் திருத்தம் சேர்த்த 243-இசட்-டி உறுப்பு, மாவட்டத் திட்டக் குழு தன் வரைவில் நிலப்பரப்புத் திட்டமிடல், நீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்தல், சூழல் பாதுகாப்பு ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என ஒரே தொடரில் சொல்கிறது. உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் ஊராட்சி, நகராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிலிருந்து வர வேண்டும். பதினோராம் அட்டவணையில் நீர் மேலாண்மையும் நீர்வடிப்பகுதி மேம்பாடும் ஊராட்சிக்குரியவையாகக் காட்டப்பட்டுள்ளன. நிலமும் நீரும் ஒரே மேசையில் பேசப்பட வேண்டும் என்று இத்துணைத் தெளிவாகச் சொல்லும் விதி இருந்தும், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் திட்டம் ஒரு வழியிலும் பாசனச் சங்கங்களின் சட்டம் வேறு வழியிலும் போகின்றன.

காவிரிப் படுகை இதன் மறுமுனை. 2017இல் நெடுவாசலில் எழுந்த ஹைட்ரோகார்பன் எதிர்ப்பும் அதனைத் தொடர்ந்தவையும், 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வருவதற்குக் களம் அமைத்தன. ஒரு வட்டாரத்தின் நிலப்பயன்பாட்டை மக்கள் தெருவில் நின்று மாற்றினர் என்னும் அளவில் இது அரிய வெற்றி. ஆயினும் அறிவிப்பில் சொல்லப்பட்ட திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் சட்டத்தில் இடம்பெறவில்லை. காவிரி இம்மாவட்டங்களைத் தழுவியே தஞ்சைக்கு வருகிறது. முன்பே நடந்துவந்த எண்ணெய், எரிவாயுப் பணிகளையும் சட்டம் தொடவில்லை. கோரிக்கையை எழுப்பியவர் மக்கள். எல்லைக் கோட்டை வரைந்தவர் வேறு. அச்சட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2020 ஜனவரியில், மத்திய அரசு எண்ணெய், எரிவாயு அகழாய்வுப் பணிகளை மக்கள் கருத்துக் கேட்பு தேவையற்ற வகைக்கு மாற்றியிருந்ததும் உடன் வைத்து நோக்கத்தக்கது.

ஆயக்கட்டு இல்லாத ஏரி

பாசன அமைப்புகளை உழவர்கள் மேலாண்மை செய்வதற்கான தமிழ்நாட்டுச் சட்டம், 2000 நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தை ஆயக்கட்டு நிலத்தின் மீது கட்டுகிறது. ஆயக்கட்டில் நிலம் உடையவரே உறுப்பினர். கால் வேலி விதியின் நிழல் இங்கே தெரிகிறது. கூலி வேலை செய்பவர், ஏரிக்குள் ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், பட்டா கணவர் பெயரில் இருக்கும் வீட்டில் நாற்று நடும் பெண் ஆகியோர் சங்கத்துக்கு வெளியே நிற்கின்றனர். இக்குறை பலரால் சுட்டப்பட்டதே. அதனினும் ஆழமான ஒரு சிக்கல் போதிய கவனம் பெறவில்லை.

ஆயக்கட்டு வயல் மனையாக மாறினால் அந்நிலத்தோடு சங்கத்தின் ஓர் உறுப்பினரும் கழிகிறார். ஆயக்கட்டு முழுவதும் மாறினால் சங்கமே இல்லை. எந்த முடிவில் சங்கத்துக்குக் குரல் இல்லையோ, அந்த முடிவே சங்கத்தின் குரலையும் கலைக்கிறது. மாற்றத்துக்குப் பின் ஏரிக்காகப் பேச வருபவர், சட்டத்தின் பார்வையில், அக்கறையுள்ள ஒரு தனிமனிதர் மட்டுமே. புறநகர் ஏரிகளில் பாசனச் சங்கம் மறைந்த இடத்தில் குடியிருப்போர் நலச் சங்கம் தோன்றுவதும், வண்டல், மதகு, முறைப்பாசனம் என்னும் பேச்சு மறைந்து நடைபாதை, வேலி, படகு என்னும் பேச்சு வருவதும் இதன் தொடர்ச்சி. ஏரியின் பரப்பு அப்படியே இருக்கலாம். அதன் மக்கள் மாறிவிட்டனர்.

தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம், 2023 இப்பின்னணியில் வாசிக்கப்பட வேண்டியது. 100 எக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகளை உள்ளடக்கிய திட்டப் பரப்புகளுக்கு அது பொருந்தும். அரசு அமைக்கும் வல்லுநர் குழு நில ஒருங்கிணைப்புத் திட்டத்தை ஆய்கிறது. கருத்துக் கேட்பும் உண்டு. நீர்நிலையின் கொள்ளளவைக் காப்பதற்கான நிபந்தனைகளும் உள்ளன. சட்டத்தை எதிர்ப்போர் இந்நிபந்தனைகள் மீறப்படும் என்று அஞ்சுகின்றனர். நிபந்தனை நேர்மையாகவே நிறைவேறும் என்று கொண்டாலும் கேள்வி தீர்வதில்லை. கொள்ளளவு என்பது ஏரியை ஒரு பாத்திரமாகப் பார்க்கும் அளவு. மேல் ஏரியிலிருந்து வாங்கிக் கீழ் ஏரிக்குக் கொடுக்கும் இடமாகவும், ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தின் உரிமைகள் குவிந்த இடமாகவும் இருப்பதே ஏரி என்றால், அதே கன அடியை வேறோர் எல்லைக்குள் காட்டுவது ஈடாகாது.

பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டபின், திட்டப் பரப்புக்குள் வரும் 13 ஊர்களுள் ஒன்றான ஏகனாபுரத்தின் கிராம சபை அதற்கு எதிராகத் தொடர்ந்து தீர்மானங்கள் நிறைவேற்றிவருகிறது. விமான நிலையம் தேவையா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அத்தீர்மானங்கள் எங்கே போகின்றன என்பதே இங்கு வினா. ஊராட்சிச் சட்டத்தின்படி கூடிய சபை, முறைப்படி எழுதி, வாசித்து, கையொப்பமிட்ட தீர்மானம் அது. உத்திரமேரூர்ச் சபையைப்போல் நிலமும் வேதமும் கேட்டு ஆளைத் தேர்ந்த சபை அன்று, ஊரின் வாக்காளர் பட்டியலிலுள்ள அனைவரும் உறுப்பினரான சபை. நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் பாசனச் சங்கச் சட்டத்திலும் அத்தீர்மானத்தைப் பெற்று, அதற்கு எழுத்தில் விடை சொல்லக் கடமைப்பட்ட அலுவலர் எவரும் இல்லை. தீர்மானப் புத்தகத்தின் பக்கங்கள் நிரம்பிக்கொண்டிருக்கின்றன.